முருகாயி போட்ட சிவப்பு நூல்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் துணிக்குப் பெரும் பஞ்சம். கோலா கிளாவாங் பக்கமிருந்து வந்த வியாபாரியிடம் மரவள்ளிக் கிழங்கு கொடுத்து, கோடு போட்ட ஓர் ஆண்பிள்ளைச் சட்டை வாங்கினேன். அன்றே வெட்டி மகளுக்குக் கவுன் தைத்தேன். நூலும் இல்லாததால், சட்டையின் பழைய மடிப்பையே கவுனுக்குக் கீழ் ஓரமாக விட்டேன். அதன் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு முருகாயி என் மகளைப் பிடித்து நிறுத்தி, அந்த ஓரத்தைப் புரட்டினாள். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லார் துணியும் ஒரே கம்பியில் காயும். அடையாளத்துக்கு ஒவ்வொரு வீட்டுக்காரியும் உள்பக்கம் ஒரு தையல் போடுவோம். அங்கே சிவப்பு நூலில் ஒரு குறுக்குத் தையல் இருந்தது.

"இது நான் போட்டது! சயாம் ரயில் வேலைக்குப் பிடிச்சிட்டுப் போனப்ப அவரு போட்டிருந்த சட்டை. ஐயோ, போயிட்டாரா?"

அவள் கை தாலிக்குப் போனது. பாய்ந்து பிடித்தேன்.

"இரு லா முருகாயி! சோத்துக்கு வித்திருப்பாரு!" என்று கத்தினேன். எனக்கே அதில் நம்பிக்கையில்லை.

கவுனைக் கழற்றி அவளிடமே கொடுத்தேன். மகள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். முருகாயி என் தையலையெல்லாம் பிரித்து, ஒட்டுப்போட்டு அதை மறுபடி சட்டையாக்கினாள். என் வெட்டில் அது பாதியாகச் சிறுத்திருந்தது.

சண்டை முடிந்து அவள் புருஷன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். போகும் வழியிலேயே சட்டையைப் பசிக்கு விற்றாராம். அந்தச் சட்டை அவருக்குச் சரியாக இருந்தது.

இன்றும் பழைய சட்டை எதுவானாலும் உள் ஓரத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். அடையாளத் தையல் தெரிந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிடுவேன். அதைப் போட்டுக்கொள்ள ஓர் ஆள் வரக்கூடும்.