பேத்தியைப் பிரிவுக்குப் பழக்கினேன்

என் பேத்தியை நான் ஒருநாளும் அடித்ததில்லை. உரக்கத் திட்டியதுகூட இல்லை. நான் அவளுக்குச் செய்தது வேறு. அதை நல்லது என்று நம்பி, யோசித்து, பல மாதங்கள் செய்தேன்.

நானும் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். பள்ளியில் பிரெஞ்சு நன்றாகப் படித்திருந்ததால் என்னைத் துப்பாக்கியோடு அதிகம் அலையவிடாமல் அலுவலக வேலையில் உட்கார வைத்தார்கள். நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின் என் ஒரே மகன் அதே பட்டாளத்தில் சேர்ந்தான். அவன் பிரான்சில் இருந்தான். என் மனைவி இறந்ததும் மருமகளும் பேத்தியும் இங்கே என்னோடு தங்கிவிட்டார்கள். என்னைத் தனியாக விடக்கூடாது என்பது மருமகள் எடுத்த முடிவு. அவள் ஊரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள்.

பேத்தி அப்போது இரண்டாம் வகுப்பு. காலையில் நான் பேக்கரிக்குப் போய் நீள ரொட்டி வாங்கி வருவேன். அதன் இரண்டு முனைகளும் அவளுக்கு. என் காப்பியில்தான் தோய்த்துத் தின்பாள், அவளுடைய பாலில் தோய்த்தால் ருசி இல்லையாம். பள்ளிக்கு நான்தான் கொண்டுவிடுவேன். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் போலீஸ் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியதும் இரண்டு பேரும் நடக்கப் போவோம்.

மகனுக்கு, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்கு மாற்றல் வரப்போவதாகவும், இந்த முறை குடும்பத்தோடு போகலாம் என்றும் செய்தி வந்தது. புறப்பட ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்தது. மருமகள் அந்த வாரமே தொடங்கிவிட்டாள். பேத்திக்குத் தடுப்பூசி, பிரெஞ்சு டியூஷன், நாள் முழுக்க ஷூ போட்டுப் பழக்குவது, எதை எடுத்துப்போவது, எதைக் கொடுத்துவிடுவது. மிளகாய்த்தூளை எத்தனை கிலோ அரைப்பது என்று அவள் கவலைப்பட்டபோது மகன் போனில் சிரித்தான். அங்கே நம் ஆட்கள் போய்க் கோயிலே கட்டியிருக்கிறார்கள், மிளகாய் இல்லாமலா இருக்கும் என்றான். பிரெஞ்சில் எழுத வேண்டிய காகிதங்களை நான் பார்த்துக்கொண்டேன்.

அதோடு இன்னொரு வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

என் மகன் சின்னவனாக இருந்தபோது நான் லீவு முடிந்து புறப்பட்ட ஒரு நாள் எனக்கு மறக்கவே இல்லை. பேருந்து நிலையத்தில் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். என் மைத்துனர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார். பேருந்து நகர்ந்த பிறகும் அந்தக் கத்தல் கேட்டது. பேத்திக்கு அப்படி நடக்கக்கூடாது என்று நினைத்தேன். பெட்டி கட்டுவதை முன்கூட்டியே தொடங்குவதுபோல இதையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக என்னிடமிருந்து அவளை விலக்கிவிட்டால் கடைசி நாளில் வலிக்காது என்று கணக்குப் போட்டேன்.

முதலில் முழங்கால் வலி என்று சொல்லிப் பள்ளிக்கு ஆட்டோ ஏற்பாடு செய்தேன். பிறகு கடற்கரையை நிறுத்தினேன். அதன் பிறகு ரொட்டியைச் சமையலறையிலேயே வெட்டி, அவள் பங்கை மருமகளிடம் கொடுத்தனுப்பினேன். அவள் முன்னறைக்கு வந்தால் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

மருமகள் கவனித்துவிட்டாள். "மாமா, புள்ள மேல இன்னா கோவம் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"கோவம் ஒண்ணுமில்லம்மா. போறப்ப ஏங்கக்கூடாது. இப்பவே பழக்கணும்."

"பட்டாளத்துல இதுக்கும் பயிற்சி குடுத்தாங்களா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குமேல் என்னிடம் பேச மரியாதை அவளைத் தடுத்தது. அந்த மரியாதையை நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

பேத்திக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. அவளே ஒரு காரணம் தேடத் தொடங்கினாள். ஒருநாள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "தாத்தா, நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?" என்றாள்.

"போய்ப் படி" என்றேன்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மடியில் ஏறிவிடுவாள் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு தப்போடு வந்தாள். என் மூக்குக்கண்ணாடி டப்பாவில் மிட்டாய் ஒளித்துவைத்து எறும்பு வரச் செய்தது அவள்தானாம். "சரி, போ" என்றேன். அதற்கடுத்து, பாட்டி படத்துக்குப் போட்ட பூவிலிருந்து ஒன்றைக் கிள்ளியதைச் சொன்னாள். "சரி, போ." கடற்கரையில் அவளுடைய சுண்டல் தீர்ந்ததும், நான் பார்க்காதபோது என் பொட்டலத்திலிருந்து எடுத்தாளாம். அதற்கும் அதே பதில். ஒவ்வொரு தப்பாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் விலகியதற்குக் காரணம் அது இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போவாள். கொஞ்ச நாளில் சொல்வதற்குத் தப்புகள் தீர்ந்துவிட்டன. அதன் பிறகு அவள் வரவில்லை.

புறப்பட்ட காலையில், சென்னை விமான நிலையத்துக்குக் கார் வந்து நின்றபோது பேத்தி அழவில்லை. இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மா, எவ்வளவு சமத்தாகப் போகிறது பாருங்கள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். நான் போட்ட திட்டம் பலித்தது என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பழக்கத்தில் ரொட்டி வாங்கிவந்து இரண்டு முனைகளையும் வெட்டித் தனியாக வைத்துவிட்டேன். எதை இழந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளோடு இருந்திருக்கக்கூடிய மாதங்கள் அவை. அவளுக்காகச் செய்தேன் என்று மருமகளிடம் சொன்னது பாதிகூட உண்மையில்லை. இன்னொரு முறை ஒரு குழந்தை என்னைப் பிடித்துக்கொண்டு அழுவதைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான். வீடியோவில் அவள் வருவாள், நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள்.

போன லீவுக்கு மருமகளும் அவளும் ஒரு மாதம் வந்திருந்தார்கள். பேத்தி உயரமாகிவிட்டாள். இப்போது என்னைவிட வேகமாகப் பிரெஞ்சு பேசுகிறாள். முதல் சில நாள் விலகி இருந்தவள் பிறகு தானாகவே நெருங்கினாள். கடற்கரை, சுண்டல், என் காப்பியில் ரொட்டி முனை எல்லாம் திரும்ப வந்தன. மறந்துவிட்டாள் என்று நம்பினேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

கடைசி வாரத்தில் ஒருநாள் காலை அவள் ரொட்டிக்கு வரவில்லை. சாயங்காலம் கடற்கரைக்கு வரமாட்டேன் என்றாள். இரண்டாம் நாளும் அப்படியே. சமையலறையில் மருமகள் அவளைக் கடிந்துகொள்வது கேட்டது. "ஏன்டி, தாத்தாகிட்ட மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?"

"ஊருக்குப் போறமில்ல. இப்பவே பழகணும்" என்றாள் பேத்தி.

எழுந்து சமையலறைக்குப் போனேன். மருமகள் இருக்கும்போதே சொன்னேன். "அப்ப நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. மிட்டாயும் இல்ல, பூவும் இல்ல. தாத்தாதான் தப்பு பண்ணேன். அத நீ செய்யாத."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியும் தாத்தா. அம்மா அங்க போயி சொன்னாங்க. நான் எனக்காகப் பண்ணல. எங்க கூட அப்பா, அம்மா இருக்காங்க. நீங்கதான இங்க தனியா இருக்கணும். உங்களுக்குத்தான் பழக்கறேன்."

மருமகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நான் அழுதாலும் பரவாயில்லை என்றேன். பேத்தி யோசித்தாள்.

"சரி, ரொட்டி மட்டும்" என்றாள்.

மிச்சமிருந்த நாள்களில் காலையில் வந்தாள். என் காப்பியில் இரண்டு முனைகளையும் தோய்த்து, அதிகம் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போனாள். சாயங்காலம் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். அவள் வரவில்லை. அவளைக் கட்டாயப்படுத்த என்னிடம் நியாயம் இல்லை.

கார் வந்தது. அவள் முத்தம் கொடுத்தபோது நான் அழுதுவிட்டேன். தெருவில், எதிர்வீட்டு அம்மா பார்க்க, அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதேன். மருமகள்தான் வந்து, "மாமா, நேரமாகுது" என்று மெல்லப் பிரித்துவிட்டாள். பேத்தி அழவில்லை. கார் நகரும்வரை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லிக் கொடுத்தும் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவனைப் பார்ப்பதுபோல.