ஒரு மூவ் பாக்கி

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடக்குப்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சதுரங்கப் போட்டி நடத்தி வருகிறேன். முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்தி மேசைகள் இலை போடுவதற்கென்று செய்தவை, அகலம் போதாது. பலகையை வைத்தால் இரண்டு பக்கமும் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முழங்கை இடித்துக் காய்கள் சரிந்தால் யார் குற்றம் என்பதற்குக்கூட நான் தனியாக ஒரு விதி வைத்திருந்தேன். கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவனுக்கு விதி வகுப்பதில் ஒரு ருசி உண்டு. அமைப்பாளரும் நானே, நடுவரும் நானே. தட்டிக்கேட்க ஆளில்லை.

ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பிள்ளைகள். இரவு ஷிப்ட் முடித்து நேரே வருகிறவன், எதிராளி யோசிக்கும் நேரத்தில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்து ஆடுவான். கடைசி நிமிடத்தில் யாருக்காவது ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை வந்துவிடும். அதனால் ஆள் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையில் போய் நிற்கும்.

ஜோடி கிடைக்காத ஆளுக்கு ஆடாமலே ஒரு பாயிண்ட் கொடுத்து உட்காரவைப்பது வழக்கம். அதற்கு ‘பை’ என்று பெயர். நான் பை கொடுப்பதில்லை. வந்தவர் ஆடாமல் போகக்கூடாது என்று சொல்லி எதிர் நாற்காலியில் நானே உட்கார்ந்துவிடுவேன். பெருந்தன்மை என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு ஆட ஆசை, அவ்வளவுதான். இன்னும் உண்மையாகச் சொன்னால் ஜெயிக்க ஆசை.

ஜோடி இல்லாமல் நிற்பவர் பட்டியலில் கடைசி ஆள். எங்கள் போட்டியில் அந்த இடம் ஒருவருக்கே சொந்தம். தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் அவர். உள்ளூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கேட்டுக்கு வெளியே பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளிடம் ஆடக் கற்றுக்கொண்டவர். ஒரு போட்டி விடாமல் வந்தார். ஒரு பாயிண்ட்கூட எடுத்ததில்லை. நான் உட்காராமல் இருந்திருந்தால் மாதம் தவறாமல் ஒரு பாயிண்ட் கிடைத்திருக்கும். நான் உட்கார்ந்தேன், மாதம் தவறாமல் அவரைத் தோற்கடித்தேன்.

ஒருநாள் ஏதோ நல்ல புத்தி வந்து, “இன்னிக்கு நான் உட்காரல, உங்களுக்கு பை” என்றேன்.

“சும்மா வர்ற பாயிண்டு வாணாம் சார்” என்றார். “திங்கக்கெழம பஸ்ஸுல ஏறுறவன் ஒவ்வொருத்தனும், ‘இன்னாண்ணே, பாயிண்ட் வந்துச்சா’ன்னு கேக்குறான். சும்மா குட்த்தாங்கன்னு சொன்னா சிரிப்பானுங்க. ஆடி ஒண்ணு எட்த்தேன்னு சொல்லணும். அத்தோட போதும் சார் எனக்கு.”

அன்றும் உட்கார்ந்தேன். அன்றும் ஜெயித்தேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, “அந்த மனுஷன்கிட்ட ஒரு தடவ தோத்தா உங்க பென்ஷன் நின்னுடுமா?” என்று கேட்டாள். வேண்டுமென்றே தோற்றால் கண்டுபிடித்துவிடுவார், அது அவருக்கு அவமானம் என்று விளக்கினேன். விளக்கும்போதே ஒரு வழி தோன்றியது.

எங்கள் கூடத்தில் மிகக் கடுமையான விதி செல்போன் விதி. ஆட்டத்தின் நடுவே யாருடைய போன் அடிக்கிறதோ அவருக்குத் தோல்வி. ஒரு திருநெல்வேலிப் பையன் ஜெயிக்கும் நிலையில் இருந்தபோது சூப்பர்வைசர் அழைத்துவிட்டார். “சார், ஓ.டி.க்குக் கூப்பிடுதாவ சார், நான் என்ன செய்ய?” என்று கெஞ்சினான். “விதி விதிதான்” என்று நோட்டீஸ் பலகையைக் காட்டினேன். ஆக, என் போன் அடித்தால் நானும் தோற்க வேண்டும். டிரைவருக்குப் பாயிண்ட், எதிரே ஆள் உட்கார்ந்து ஆடிய ஆட்டம் வேறு. கணக்கு சரியாக வந்தது எனக்கு.

“அடுத்த போட்டி அன்னிக்குப் பதினொன்றரைக்கு எனக்கு ஒரு போன் போடு” என்றேன் மனைவியிடம்.

“எதுக்கு?”

“நான் தோக்குறதுக்கு.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

அந்த ஞாயிறு வழக்கம்போல் எதிரெதிரே உட்கார்ந்தோம். என் கவனமெல்லாம் சுவர்க் கடிகாரத்தில். பதினொன்றரை ஆயிற்று, போன் அடிக்கவில்லை. அவள் மறந்துவிட்டாளோ என்று யோசித்துக்கொண்டே, தூரத்தில் கேட்பாரற்று நின்ற ஒரு சிப்பாயை என் யானையால் வெட்டினேன். வெட்டிய பிறகுதான் பலகையைப் பார்த்தேன். என் ராஜா மூலையில், தன்னுடைய மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால், நகர இடமில்லாமல் நின்றது. கடைசி வரிசையைக் காத்துக்கொண்டிருந்த யானையைத்தான் நான் நகர்த்தியிருந்தேன். டிரைவரின் யானை நேரே இறங்கி வந்தால் செக்மேட். ஒரே மூவ்.

அவர் பார்த்துவிட்டார். நம்ப முடியாமல் மறுபடி பார்த்தார். உள்ளங்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். விரல் யானையைத் தொடவில்லை. அதற்குள் என் சட்டைப்பையில் போன் அலறியது. வெளியே எடுத்தேன், திரையில் என் மனைவியின் படம் எல்லோருக்கும் தெரிந்தது.

“சார் போனு! சாரு போனுல்லா அடிக்கி!” என்று குதித்தது அதே திருநெல்வேலிப் பையன். கூடமே எழுந்து கைதட்டியது. இரவு ஷிப்ட் தூக்கத்தில் இருந்தவனும் விழித்துக் காரணம் தெரியாமல் தட்டினான்.

டிரைவர் மட்டும் நீட்டிய கையை எடுக்கவில்லை. “அத்த ஆஃப் பண்ணிட்டு வாங்க சார். ஒரு மூவ்தான் கீது. ஆடிடுவோம்” என்றார்.

நான் பலகையின் முன் இருந்து எழுந்தேன். “விதி விதிதான். நீங்க ஜெயிச்சிட்டீங்க” என்றேன். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒன்று என்று போட்டேன்.

அவர் பலகையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். “குக்கர் மூணு விசில் வரட்டும்னு இருந்தேங்க. பருப்ப எறக்கிட்டுப் போட்டேன். தோத்தீங்களா இல்லியா?” என்றாள். தோற்றேன் என்றேன். “அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” என்றாள்.

பஸ்ஸில் என்ன நடந்தது என்பதைத் திருநெல்வேலிப் பையன் அடுத்த போட்டியன்று சொன்னான். “அண்ணே, நீ ஜெயிக்கலண்ணே, சாரு வீட்டம்மால்லா ஜெயிச்சிருக்காவ” என்று ஒருவன் ஆரம்பிக்க, வல்லம் வடகால் ஸ்டாப் வரை சிரித்துக்கொண்டே போனார்களாம். அவர் படத்தைக் காட்டினாராம். யாரும் பார்க்கவில்லை. அன்று அவர் போட்டிக்கு வரவில்லை. அந்த மாதம் முதல்முறையாகச் சரியான இரட்டைப்படை.

மறுநாளே பஸ்கள் நிற்கும் டீக்கடைக்குப் போனேன். ஸ்டியரிங்மேல் துண்டைப் போட்டுச் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து டீ சொன்னார். நின்றபடியே சொன்னேன்: போன் தானாக வரவில்லை, நான்தான் போடச் சொன்னேன்.

“எனக்கோசரமா?”

“ஆமாம்.”

“சர்தான்.” டீயை ஆற்றினார். “நான் அந்த மூவப் பாத்துட்டேன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?”

“தெரியும்.”

“அப்பறம் இன்னாத்துக்கு எழுந்தீங்க?”

இந்த இடத்துக்குத்தான் நான் வந்தாக வேண்டியிருந்தது. நடுவர் நானே, ஆடுவோம் என்று நான் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். போன் அடித்தபோது எனக்குள் நிம்மதிதான் வந்தது. போன் அடித்துத் தோற்கலாம் என்று வந்தவனுக்கு, அவர் கையால் தோற்க மனம் வரவில்லை. அதை அப்படியே சொன்னேன்.

அவர் சிரித்தார். “இவ்ளோ படிச்சிட்டு இன்னா சார் இது” என்றார். பஸ்ஸுக்குள் போய்ச் சுருட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் பலகையோடு வந்தார். படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு காயாக வைத்தார். என் ராஜாவை மூலையில் வைத்து, மூன்று சிப்பாய்களையும் முன்னால் நிறுத்தி, கட்டத்தின் நடுவில் வருமாறு விரலால் சரிசெய்தார். ஷிப்டுக்குக் காத்திருந்த பிள்ளைகள் பெஞ்சைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

“உங்க போன டீ மாஸ்டர்கிட்ட குடுத்துடுங்க சார்.”

கொடுத்தேன். டீ மாஸ்டர் அதை வாங்கி பிஸ்கட் ஜாடிக்குப் பின்னால் வைத்தார்.

“என் மூவ்தான?” என்று கேட்டார் டிரைவர்.

“உங்க மூவ்தான்.”

அவர் தலையாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு யானையைத் தொடாமல், பலகையைப் பார்த்தபடி நிதானமாக இன்னொரு டீ சொன்னார்.