கன்னத்தில் நின்ற காற்று

மேற்குத் தாம்பரத்தில் நான் போகும் சலூன்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், காதோரம் மட்டும் நரை. சவரக்கத்தி முகத்தில் இருக்கும்வரை பேசமாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கத்தியை விலக்கிப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்.

போன வருடம் முகவாதம் வந்து என் வலது கன்னம் செயலிழந்தது. வாய் இடப்பக்கம் கோணிக்கொண்டது. நான் கணக்கு வாத்தியார். மாஸ்க் போட்டுக்கொண்டே பாடம் நடத்தினேன். மூன்று வாரத் தாடியோடு அவரிடம் போய் மாஸ்க்கைக் கழற்றியபோது கூச்சமாக இருந்தது. அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு நுரை தடவினார்.

"கன்னத்துல காத்து புட்ச்சிக்கோ சார்."

முயன்றேன். காற்று உதட்டோரமாகப் புஸ்ஸென்று வெளியேறியது.

"வுடு சார், நான் இழுத்துக்கினு பண்றேன்" என்றார். விரலால் தோலை இழுத்துப் பிடித்து, ஒரு கீறல் இல்லாமல் மழித்தார்.

வாராவாரம் போனேன். ஒவ்வொரு முறையும் காற்று பிடிக்கச் சொல்வார், அது நிற்காது. சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியும் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஆறாவது வாரம், கன்னத்தைத் தொட்ட கத்தி உடனே விலகியது.

"இன்னா சார், காத்து நிக்குது பாரு!"

கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. சிரித்துவிட்டேன்; நுரை அவர் சட்டையில் தெறித்தது. அவரும் சிரித்தார். இத்தனை வாரமாக நெஞ்சில் கனத்தது அந்த நாற்காலியில் இறங்கியது.

என் முகத்துக்கு என்ன ஆனது என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை. முதல் நாளே கேட்டிருந்தால், மறு வாரம் போயிருப்பேனா என்று தெரியவில்லை.