மூன்றாவது பாட்டுக்கு வந்த சாமி

செங்கல்பட்டு பஸ் நிலையம். மாமல்லபுரம் பஸ் இன்னும் வரவில்லை. பஜ்ஜிக் கடையில் என் பக்கத்தில் நிற்கிற இரண்டு பையன்களும் ஒரு சென்னை ராக் பேண்டின் ரசிகர்கள். இன்றைக்குக் கடற்கரையில் அதன் லைவ் ஷோ. ஆடி வெயிலில் கறுப்பு டி-ஷர்ட், நெஞ்சில் பேண்டின் பெயர். தமிழ்நாட்டிலேயே அந்த இசை புரிந்தவர்கள் இவர்கள் இருவர்தான் என்று பேச்சிலிருந்து தெரிகிறது.

"ரெண்டாவது ஆல்பம் வேஸ்ட் மச்சான். எல்லாருக்கும் புரியுது," என்கிறான் தாடி வைத்தவன்.

"மொத ஆல்பம்தான் ஒரிஜினல். லைவ்ல வாசிச்சா ஒருத்தனும் கைதட்ட மாட்டான். அவ்ளோ டெப்த்து," என்கிற கண்ணாடிக்காரன், அதன் மூன்றாவது பாட்டைக் கண்மூடி முனகுகிறான்.

பஜ்ஜி போடுகிற அம்மாவின் கரண்டி நிற்கிறது. "ஐய, இந்தப் பாட்டா? போன ஞாயித்துக்கெழம எங்க தெரு அம்மனுக்குக் கூழ் ஊத்தச்சொல்ல, மைக் செட்டுக்காரன் இந்தக் கேசட்டத்தான் போட்டான். இதக் கேட்டதும் ரெண்டு பேருக்கு சாமி வந்துடுச்சி தம்பி. சூடம் காட்டியும் மலையேறல."

இருவர் கையிலும் பஜ்ஜி ஆறுகிறது.

"எனக்கு அப்பவே டவுட்டு மச்சான்," என்கிறான் தாடிக்காரன். "மொத ஆல்பமே கொஞ்சம் கமர்ஷியல்தான்."

கண்ணாடிக்காரன், நிற்கிற பஸ் ஒன்றின் பின்னால் போய், பேண்டின் பெயர் உள்ளே மறையும்படி டி-ஷர்ட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வருகிறான்.

அம்மா அவனை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"இன்னா நைனா, பனியன உல்டாவா போட்டுகினு வர்ற? உனக்கும் வந்துடுச்சா?"