பூப்போட்டுக் கேட்ட அன்று

சித்திரை வெயில் ஏற ஏறத்தான் எங்கள் வீட்டைச் சுற்றிப் பூ கூடும். கடலைக்காடு வெடித்துக் கிடக்கும். மோட்டார் போட்டால் கிணறு தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் தள்ளும். இந்த மரஞ்செடிகளுக்கு மட்டும் யார் தண்ணீர் விட்டார்களோ, தெரியாது. புங்கமரம் பொரி இறைத்த மாதிரி வாசலெங்கும் உதிர்த்திருக்கும். வேப்பம்பூ தலையில் கொட்டும், டீ டம்ளரிலும் விழும். கொன்றை ஓர் இலைகூட இல்லாமல் முழுக்க மஞ்சளாய்த் தொங்கும். வேலியில் ஆவாரை. கிணற்றுமேட்டில் அரளி, ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு. முழுப்பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து இதெல்லாம் எனக்கே சொந்தம்.

பின்னாளில், எங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனபோது, இந்தப் பூக்களுக்கெல்லாம் வாயில் நுழையாத வேறு பெயர்கள் உண்டு என்று படித்தேன். மூன்றாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அவை தேவைப்படவில்லை. எது எந்நேரத்துக்கு விரியும், எதற்குள் எந்த எறும்பு இருக்கும் என்பது தெரிந்தால் போதுமாயிருந்தது.

அந்தக் கோடையில் அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை வந்திருந்தார். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, விசைத்தறிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். மாப்பிள்ளை திருச்செங்கோட்டுப் பக்கம். போர் போடும் ரிக் வண்டியோடு வடநாடு சுற்றும் வேலை. அவர் பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அத்தை காரணமில்லாமல் சிரித்தாள், குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். அப்பாவுக்கும் சம்மதம்தான். பெரியப்பா ஒருவர்தான் குறுக்கே நின்றார்.

"வருசத்துல பாதிக்கு மேல வடக்கயே கெடக்கறவனுக்குப் புள்ளயக் குடுத்துப்போட்டு, இவ ஆரு மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருப்பா?"

"புள்ளைக்குப் புடிச்சிருக்குதுங்கண்ணா" என்றார் அப்பா.

"புடிக்கறது பெருசில்லடா. கருப்பனாரு சொல்லட்டும். பூப்போட்டுக் கேட்டுருவோம். செவப்பு வந்துதுன்னா இந்தப் பேச்சையே இனிமே எடுக்கப்படாது."

கிணறு வெட்டுவதானாலும் பெண் கொடுப்பதானாலும் எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சாமி முன் வைப்பார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை என்றால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். விவரம் தெரியாத பிள்ளைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை; நான் இருந்தேன்.

பூப் பறிக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. சந்தோஷத்தில் பல்கூட விளக்கவில்லை. வெள்ளை அரளியில் கைக்கு எட்டிய ஒன்றை ஒடித்தேன். சிவப்புக்குத்தான் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உச்சிக்கொப்பில் ஒன்று, எறும்பு தொடாமல், ஓர் இதழும் சுருங்காமல், அப்போதுதான் விரிந்து நின்றது. துரட்டியால் கொப்பை வளைத்துப் பறித்து, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடினேன்.

"அத்தை, இந்தச் செவப்பப் பாருங்க, எப்பிடி இருக்குது!"

அத்தையின் முகம் வாடிவிட்டது. "அத ஏஞ்சாமி இத்தன நல்லதாப் பாத்துப் பொறுக்குன?"

அப்பா வந்து இரண்டையும் வாங்கினார். கிணற்றுமேட்டுப் பக்கம் தனியாகப் போய், ஆலிலையில் பொட்டலம் கட்டிக்கொண்டு திரும்பினார்.

கருப்பனார் கோயில் எங்கள் காட்டிலேயே, வேப்பமரத்தடியில் மூன்று கல்லும் ஒரு வேலும். பூசாரி சூடம் காட்டி மணியடித்தார். அத்தை கண்ணை இறுக மூடிக் கும்பிட்டு நின்றாள்.

"கண்ண மூடிட்டு எட்றா சாமி" என்றார் பெரியப்பா.

எடுத்தேன். அவரே பிரித்தார். வெள்ளை!

அத்தை அழுதாள், உடனே சிரித்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கோ, மற்றப் பொட்டலத்துக்குள் என் சிவப்பு மூச்சுமுட்டிக் கிடக்கிறதே என்ற கவலை. பாய்ந்து போய்ப் பிரித்தேன்.

"பெரியப்பா! இதுலயும் வெள்ளைதானுங்க!"

 பூசாரி சூடத்தட்டை எங்கே வைப்பதென்று இடம் தேடினார். அப்பா மரத்தில் எதையோ அண்ணாந்து பார்த்தார். பெரியப்பா பொட்டலத்தை வாங்கினார், அப்பாவை முறைத்தார், பிறகு அத்தையை வெகுநேரம் பார்த்தார். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், கல்யாணம் அங்கேயே நின்றுபோயிருக்கும்.

"ஒருக்காச் சொன்னா நாங் கேக்கமாட்டேன்னு, கருப்பனாரு ரெண்டுக்காச் சொல்லிப்போட்டாராட்ட இருக்குது" என்றார் கடைசியில். அந்த இரண்டாம் பூவை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டார். "மாப்ள ஊட்டுக்குப் போனப் போட்றா."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். என் சிவப்பு எங்கே என்று கேட்டேன். எவர் காதிலும் விழவில்லை. சாமிக்குச் சிவப்பே வந்து சேரவில்லை என்பது எனக்கு மட்டும்தான் பட்டது போலிருந்தது. கிணற்றுமேட்டுக்கு ஓடினேன். கொப்புக் கொப்பாக வளைத்து, சட்டைமடி கொள்ளாமல் சிவப்பாகவே பறித்து நிரப்பிக்கொண்டு, மூச்சிரைக்க வந்து நின்றேன்.

"நெறையாக் கொண்டாந்துட்டேனுங்க! மறுக்காக் கேப்போம்!"

முதலில் பாய்ந்தவர் பெரியப்பாதான். "அடே, அவனப் புடிங்கடா!"

அத்தை என்னை இடுப்போடு தூக்கிக்கொண்டு போய், மடியிலிருந்த அத்தனையையும் மரத்துக்குப் பின்னால் கொட்டினாள். கொட்டிவிட்டு என் கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். பெரியவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மண்ணில் கிடந்த சிவப்பைப் பார்த்து விக்கி விக்கி அழுதேன். இத்தனை பேர் இருக்கும் வீட்டில் பூவின் அருமை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையே என்பதுதான் அன்றைக்கு என் துக்கம்.