பிடிபடாத விருத்தாசலம்

பாண்டுரங்கன் சாருக்கு ஒரே ஒரு கொள்கைதான். சடுகுடுவில் பிடிக்கிறவனை எங்கே வேண்டுமானாலும் தயார் செய்துகொள்ளலாம். பாடிப் போகிறவன் மட்டும் பிறந்து வரவேண்டும். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிராளி கட்டத்துக்குள் நுழைந்து, ஆளைத் தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்புகிறானே, அவன். அப்படிப்பட்டவன் விழுப்புரம் டவுனில் பிறக்கவே மாட்டான் என்றும் அவர் முடிவு கட்டியிருந்தார். டவுன் பையன்களுக்கு மூச்செல்லாம் பேச்சிலேயே செலவாகிவிடுகிறதாம்.

1966, 67இல் அவர் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஆசிரியர். கல்லூரியின் பெயர் வேண்டாம். மெட்ராசில் பிறந்து மெட்ராசில் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆள் தேடக் கிளம்பிவிடுவார். கண்டாச்சிபுரம் சந்தையில், மூட்டை தூக்கி ஓடுகிறவர்களின் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டு நிற்பார். மாட்டுத் தரகர்கள் அவரை வெளியூர்த் தரகர் என்று நினைத்து அருகில் வந்து பேச்சுக் கொடுத்ததுண்டு. பெருமுக்கல் மலைக்குப் போவார், சாமி கும்பிட மாட்டார். அடிவாரத்தில் உட்கார்ந்து, கோயிலுக்கு ஏறி இறங்குகிறவர்களில் யாருக்கு இரைக்கவில்லை என்று நோட்டில் குறித்துக்கொள்வார். ஆள் சிக்கினால் முதல் கேள்வி, "எஸ்.எஸ்.எல்.சி. பாசா?" பாஸ் செய்தவனுக்கு இரைக்கும், இரைக்காதவன் பள்ளிக்கூடத்தையே தாண்டியிருக்க மாட்டான். அவருடைய பெரிய துக்கம் அது.

அந்தத் துக்கத்தைத் தீர்த்துவைத்தவன் விருத்தாசலம். எங்கள் ஊர்க் காலனிக்காரன். அவனுடைய அம்மா கோவிந்தம்மாள் எங்கள் புன்செய்க் கொல்லைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க வருவாள். அவனும் நானும் திண்டிவனத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. சேர்ந்து படித்தோம் என்று சொன்னால் பொய். ஒரே பஸ்ஸுக்குத் தனித்தனியாக நிற்போம்.

எங்கள் ஊரில் காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் சடுகுடுப் போட்டி நடக்கும். ஊர்த் தெருப் பையன்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்வார்கள். காலனிக்காரர்கள் கரைமேல் நின்று பார்ப்பார்கள். 1965இல் யூனியன் ஆபீசுக்குப் புதிதாக ஒரு பி.டி.ஓ. வந்தார். காலனிக்கும் ஓர் அணி உண்டு, இரண்டு அணியும் மோத வேண்டும், ஜெயிக்கிற அணிக்குத் தானே கோப்பை தருவேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் பெரியவர்களுக்குத் தொண்டையில் முள் சிக்கியது போல் ஆயிற்று. ஆனால் அந்த மனிதருடைய கையெழுத்து இல்லாமல் கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வராது. என் அப்பா முத்துசாமி உட்பட நாலு பேர் கோயிலில் கூடி, மத்தியானம் வரைக்கும் பேசி, ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆடலாம், மேலே படக்கூடாது.

மேலே படாமல் சடுகுடு ஆடுவது எப்படி என்று உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். எங்கள் ஆள் பாடிப் போனால் அந்தப் பக்கம் நாலடி நடந்து, காற்றோடு பேசிவிட்டுத் திரும்புவான். விருத்தாசலம் பாடி வந்தால் நாங்கள் ஏழு பேரும் சிதறி ஓடுவோம். ஓடுகிற வேகத்தில் இரண்டு பேர் பக்கக் கோட்டைத் தாண்டி அவுட் ஆவோம், மூன்றாவது ஆள் பின்கோட்டைத் தாண்டுவான். நான் எப்போதும் முதல் ஆளாகத் தாண்டுவேன். மூன்று வருடம் அவர்கள்தான் கோப்பை வாங்கினார்கள். எங்கள் பெரியவர்களுக்கு அதில் வருத்தமே இல்லை. தோற்றுப்போய் இவ்வளவு நிம்மதியாக வீடு திரும்பிய அணியை நான் அப்புறம் பார்த்ததில்லை.

மூன்றாவது வருடப் போட்டியைப் பார்க்கத்தான் பாண்டுரங்கன் சார் வந்தார். கரைமேல் நின்றவர் கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கி, கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். அன்றைக்கு விருத்தாசலம் பதினேழு தடவை பாடி வந்தான். பதினேழு தடவையும் அவன்மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. சாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"மின்னல்! ஏழு பேர் நின்னும் ஒருத்தனால தொட முடியல!" என்று பி.டி.ஓ.வின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பி.டி.ஓ.வும் சிரித்தார். அவருக்குப் புரிந்திருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த ஜூலையில் விருத்தாசலத்துக்குக் கல்லூரியில் பி.யூ.சி. இடம் கிடைத்தது. மார்க்கு போதவில்லை, சார் பிரின்சிபாலிடம் மன்றாடி வாங்கிய விளையாட்டு இடம் அது. பிரின்சிபால் ஒரு நிபந்தனை போட்டார். தீபாவளிக்கு முன்னால் ஒரு சோதனை ஆட்டம். அதில் தேறினால் இடம் நிற்கும், இல்லாவிட்டால் காத்திருக்கும் இன்னொரு பையனுக்குப் போகும். விருத்தாசலத்துக்குத் திரும்பிப் போக வேறு கல்லூரி இல்லை, எங்கள் கொல்லைதான் இருந்தது. எனக்கு மார்க்கிலேயே இடம் கிடைத்தது. எங்கே வேண்டுமானாலும் கிடைக்கிற வகை ஆள் என்பதால், பிடிக்கிறவனாக என்னையும் சார் அணியில் சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் பயிற்சி. சார் எல்லோரையும் உட்காரவைத்து, ஒரு மின்னல் வந்திருக்கிறது, கவனமாகப் பாருங்கள் என்று பேசினார். விருத்தாசலம் பாடிக்கொண்டு போனான். எதிரே ஏழு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருவனும் ஓடவில்லை. அவன் பாதி வழியில் திகைத்து நின்றதை நான் பார்த்தேன். ஆள் நகராவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. அதற்குள் சீனுவாசன் என்கிற ரயில்வே காலனிப் பையன் பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடித்தான். மற்ற ஆறு பேரும் மேலே விழுந்து அமுக்கினார்கள். பத்து தடவை போனான், பத்து தடவையும் பிடிபட்டான்.

சார் அசரவில்லை. காரணங்களைத் தேட ஆரம்பித்தார். ஏரிக்கரை மண் வேறு, இந்த மண் வேறு என்றார். இரண்டு வண்டி மணல் கொட்டினார்கள். ஹாஸ்டல் அரிசிச் சோறு உடம்பை மந்தமாக்குகிறது என்று கேப்பைக்களிக்கு ஏற்பாடு செய்தார். ஒரு வாரம் ஹாஸ்டல் முழுக்கக் களி தின்று, மற்றப் பையன்கள் விருத்தாசலத்தை முறைத்தார்கள். ஊர் கண் பட்டுவிட்டது என்று, எதையும் நம்பாத அந்த மனிதர் பூசணிக்காய்கூடச் சுற்றிப் போட்டார். அவன் பிடிபட்டுக்கொண்டேதான் இருந்தான்.

கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தேவநாதா, நீ அவன் ஊர். மூணு வருஷம் அவனுக்கு எதிரா ஆடியிருக்கே. உங்களால மட்டும் ஏன் அவனைப் பிடிக்க முடியல?"

ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவனுடைய இடம் அன்றைக்கே போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, முதலில் ஓடியவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வெட்கம்.

"அங்க ரொம்ப வேகமா ஓடுவான் சார்" என்றேன்.

"அதான், அதேதான்!" என்று அவர் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் விருத்தாசலம் நேராக என் அறை வாசலுக்கு வந்தான்.

"சார் இன்னா கேட்டாரு?"

சொன்னேன். அவன் சிரித்தான். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கியா? நீங்க ஓடுனீங்க, நான் கப்பு வாங்கிக்கினு போனேன். காலனில எங்க ஆளுங்களே சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க. ஆனா பேஜாரு இன்னான்னா, என்னை ஒருத்தனும் புடிச்சதே இல்ல. புடிச்சாத்தானே உருவிக்கினு வரக் கத்துக்க முடியும்?"

"அதுக்கு?"

"காலைல அஞ்சரைக்கு கிரவுண்டுக்கு வா. நீ என்னைப் புடி. தெனம் புடி."

மறுநாள் போனேன். அவன் பாடிக்கொண்டு வந்தான். நான் குனிந்தேன், கை நீளவில்லை. என் கையைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது. அவன் மூச்சை விட்டுவிட்டு, "ஜல்தி ஆவட்டும்பா, விடியுது" என்றான். இரண்டாவது தடவை இடது கணுக்காலைப் பிடித்தேன். வேர்வையும் மணலுமாக, எல்லாக் காலும் போல ஒரு கால். இதற்காகவா மூன்று வருடம் அப்படி விழுந்தடித்து ஓடினோம் என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிடியை விட்டுவிட்டேன். "சிரிச்சிக்கினே உட்டா நான் எங்க கத்துக்கறது?" என்று அவன் திட்டினான்.

மூன்று மாதம் தினமும் பிடித்தேன். முதல் மாதம் அவனால் உருவ முடியவில்லை. இரண்டாவது மாதம், பிடித்த காலை உதறாமல் என்மேலேயே சாய்ந்து, நான் தடுமாறுகிற நேரத்தில் உருவிக்கொள்ளக் கண்டுபிடித்தான். மூன்றாவது மாதம் என் முழங்கை இரண்டும் சிராய்ந்து போயிருந்தன. எனக்கு அது பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் பேசாததையெல்லாம் அந்த மணலில் உட்கார்ந்து பேசினோம். மதியப் பயிற்சியில் அவன் ஐந்துக்கு இரண்டு தடவை திரும்பி வருவதைப் பார்த்து, கேப்பைக்களி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார் சார்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் சோதனை ஆட்டம். பிரின்சிபால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஐந்து தடவை பாடிப் போக வேண்டும், அவுட் ஆனாலும் எல்லோரும் மறுபடி உள்ளே நிற்பார்கள். மூன்று தடவை புள்ளியோடு திரும்பினால் இடம் நிற்கும். எதிர்ப் பக்கத்தில் நான் இடது மூலை. மூலைக்காரன் முதலில் காலைப் பிடிக்க வேண்டும், பிறகு மற்றவர்கள் பாய வேண்டும். அது எங்கள் அணியின் முறை.

முதல் தடவை சீனுவாசன் பிடித்தான். அவனை இழுத்துக்கொண்டே விருத்தாசலம் கோட்டைத் தொட்டான். இரண்டாவதில் பிடிபட்டான். மூன்றாவதில் நானே பிடித்தேன். சாய்ந்து உருவிக்கொண்டு போனான், என் வாயெல்லாம் மணல். நாலாவதில் மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். இரண்டுக்கு இரண்டு. இனி ஒன்றுதான்.

ஐந்தாவதுக்கு அவன் நடுக்கோட்டைத் தாண்டும்போதுதான் வேலியோரம் அப்பாவைப் பார்த்தேன். கக்கத்தில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். ஆயில் இன்ஜினுக்குச் சாமான் வாங்க வந்தவர், தீபாவளிக்கு என்னையும் கையோடு கூட்டிப்போக அப்போதுதான் உள்ளே நுழைந்திருக்கிறார்.

விருத்தாசலம் நேராக என்னிடம் வந்தான். நான் தினமும் பிடிக்கிற இடது காலை முன்னால் வைத்தான். நான் பிடிப்பேன், அவன் சாய்வான், உருவுவான், போவான். இருவருக்குமே அது தெரியும். அவன் பாடிக்கொண்டே அந்தக் காலை இன்னும் அரை அடி நீட்டினான்.

என் கால் பின்னால் போனது. நான் யோசித்து வைத்ததல்ல. ஓர் அடி, இன்னோர் அடி, குதிகால் பின்கோட்டைத் தாண்டிவிட்டது. சார் விசில் ஊதிக் கையைத் தூக்கினார். நான் அவுட். நான் பிடிப்பதற்காகக் காத்திருந்த மற்ற ஆறு பேரும் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். விருத்தாசலம் என் முகத்தைப் பார்த்தான், வேலிப் பக்கம் பார்த்தான், திரும்பி நடந்தான். ஓடக்கூட இல்லை. பாட்டை விடாமல் நடந்தே நடுக்கோட்டைக் கடந்தான்.

"பார்த்தீங்களா சார்! ஆள் மேல கை வைக்கல. வேகத்தைப் பார்த்தே பயந்து வெளியே போயிட்டான். நான் ஏரிக்கரையில பார்த்தது இதைத்தான்!" பாண்டுரங்கன் சார் துள்ளினார். பிரின்சிபால் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் பயந்தாங்கொள்ளி என்று அன்றைக்கே அணியிலிருந்து என்னை நீக்கினார்கள். சரியான முடிவு, காரணம்தான் தப்பு.

ஹாஸ்டல் குழாயடியில் விருத்தாசலம் கால் கழுவிக்கொண்டிருந்தான். என் டிரங்குப் பெட்டியோடு முன்னால் நடந்த அப்பா, அவனைக் கண்டு நின்றார்.

"இன்னாடா, கோவிந்தம்மா மவன்தானே? நல்லா ஓடறியே."

"ஆமாங்க."

அப்பா என் பக்கம் திரும்பி, "பரவால்லடா, காலேஜிலயும் நீ நடந்துக்கறாப்பலதான் நடந்துக்கினு இருக்கிற" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

அவர் கொஞ்சம் தூரம் போனதும், "சீட்டு நின்னுடுச்சில்ல?" என்றேன்.

"நின்னுடுச்சிங்க" என்றான், காலைப் பார்த்துக்கொண்டே. "கத்துக்கினத வெச்சி ஒரு வாட்டி வாங்கலாம்னு பார்த்தேன். இந்த வாட்டியும் நீங்கதான் குடுத்தீங்க."

தீபாவளி முடிந்து திரும்பிய மறுநாள், அஞ்சரை மணிக்கு மைதானத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். விருத்தாசலம் மணலில் குப்புற விழுந்து கிடந்தான். சீனுவாசன் அவன் இடது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். "விடாத, இன்னும் கெட்டியா புடி" என்று விருத்தாசலம் கத்தினது எனக்குக் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது.