கிழக்குச் சுவருக்குப் போன கட்டில்

எதிர்வீட்டுச் சண்முகப்பிரியா மாதந்தோறும் திரைச்சீலைகளை மாற்றுவாள். சோபாவைத் திசை திருப்பிப் போடுவாள். வெள்ளகோவிலில் அந்தத் தெருவே அதைப் பாராட்டியபோதும் துளசிமணி பொறுத்துக்கொண்டாள். தன் கணவர் நாச்சிமுத்து பாராட்டியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"போறப்பெல்லாம் புது ஊடு மாதிரி இருக்குது புள்ள," என்பார் அவர். கிரகப்பிரவேசத்தன்று போட்ட இடத்திலேயே இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிடக்கும் தன் கட்டிலைப் பார்க்கப் பார்க்கத் துளசிமணிக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் அவர் மில்லுக்குப் போனதும் முந்தானையை இழுத்துச் செருகினாள். கட்டிலைக் கிழக்குச் சுவரோரம் தள்ளினாள். சன்னலை மறைத்திருந்த மேசையை நகர்த்தினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும், அறைக்குள் வெளிச்சம் வந்து விழுந்ததைப் பார்த்தபோது, இனி அவர் வாயில் எதிர்வீட்டுப் பேச்சே வராது என்று நம்பினாள்.

மாலையில் வந்தவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். "அடேங்கப்பா!" என்றார்.

"நல்லாருக்குதுங்களா?"

"ரொம்ப நல்லாருக்குது. எதுத்தூட்டுப் புள்ளைகிட்ட ரோசனை கேட்டுச் செஞ்சியாக்கும்?"

துளசிமணி, அவர் காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, "அந்தப் பக்கம் புடிங்க," என்றாள். கட்டில் பழைய இடத்துக்கே திரும்பியது. இம்முறை பாரமெல்லாம் அவர் கையில்.